சாளரத்து வெளிச்சமும் மனித முகமும்

மன்னார்த் தீவிலே வெயிலுக்குப் பஞ்சமில்லை. சூழவும் கடல், நடுவே வெண்மணல், பனையும் உடைமரமும் தரும் நிழலோ சொற்பம். நண்பகலில் வெட்டவெளியிலே நிற்பவனுடைய கண்கள் கூசிச் சுருங்குகின்றன. புருவத்தின் நிழல் கண்களை மூடுகின்றது. மூக்கின் நிழல் உதட்டின்மேல் விழுகின்றது. அதே மனிதன் வீட்டினுள் வந்து சாளரத்தருகே அமர்ந்தால் முகமே மாறிவிடுகின்றது. ஒரு கன்னத்திலே படியும் வெளிச்சம் மெல்ல மெல்ல மங்கி, மறு கன்னத்திலே நிழலாக முடிகின்றது. நெற்றியின் வரிகளும் கண்ணின் ஈரமும் அப்போதுதான் புலப்படுகின்றன. இந்தச் சாளரத்து வெளிச்சத்தைக் கொண்டு முகங்களைப் படமாக்கிய கலையின் வரலாறு, மன்னார்க் கரையையும் ஒருவகையில் தொட்டுச் செல்கின்றது.

ஒளிப்படக்கலை சாளரத்திலேயே பிறந்தது எனலாம். பிரான்சு நாட்டினரான நியெப்ஸ் 1827ஆம் ஆண்டளவில் தம் வீட்டு மேன்மாடச் சாளரத்தினூடே பிடித்த காட்சியே, கமராவினாற் பெறப்பட்டு இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படமாகும். இங்கிலாந்திலே ஃபொக்ஸ் டல்பட் என்பவர் 1835 ஓகஸ்டு மாதத்தில் லக்கொக் என்னும் ஊரிலுள்ள தம் மாளிகையின் சாளரமொன்றையே படமாக்கினார். ஆயினும் மனித முகத்தைப் பிடிப்பது எளிதாயிருக்கவில்லை. அக்காலத் தகடுகளுக்கு மிகுந்த வெளிச்சம் வேண்டும்; மிகுந்த வெயிலிலோ மனிதன் கண் திறந்திருக்க மாட்டான். ஆகவேதான் 1841இல் லண்டனிலே ரிச்சர்ட் பியர்ட் என்பவர் கட்டடமொன்றின் உச்சியிலே, கண்ணாடிக் கூரையின் கீழே தம் படநிலையத்தை அமைத்தார். அந்நாளைய படநிலையங்கள் பலவும் பெரியதொரு சாளரம் போன்றவையே.

அந்தச் சாளரத்தை ஆளக் கற்றவர்களுள் யூலியா மார்கரெட் கமரன் அம்மையார் முதன்மையானவர். 1815இல் கல்கத்தாவிலே பிறந்த இவருக்கு, 1863இன் இறுதியில், நாற்பத்தெட்டாம் வயதில், மகளும் மருமகனும் ஒரு கமராவைப் பரிசளித்தனர். வைற் தீவிலிருந்த தம் வீட்டுக் கோழிக்கூட்டைக் கண்ணாடி மண்டபமாக்கி, நிலக்கரி வைத்த அறையை இருட்டறையாக்கிக்கொண்டார். கண்ணாடியினூடே வரும் வெளிச்சத்தைத் திரைகளால் மறைத்துக் குறைத்து, முகத்தின் ஒருபுறத்தே மட்டும் விழச் செய்தார். கவிஞர் டெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், இயற்கை விஞ்ஞானி டார்வின் ஆகியோரை இன்று உலகம் அறிவது பெரும்பாலும் அவர் படைத்த முகங்களாலேயே.

இவருடைய கணவர் சாள்ஸ் ஹே கமரன் இலங்கைக்குப் புதியவரல்லர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிவகுத்த கோல்புறூக் – கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரே. 1875இல் தம்பதியர் இலங்கையிற் குடியேறினர். களுத்துறையிலே அம்மையாரின் விருந்தினராயிருந்த ஓவியர் மரியான் நோத், தாம் படமாக்கப்பட்ட கதையை நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். கூந்தலை அவிழ்த்து, கம்பளிப் போர்வை போர்த்தி, தென்னோலைகளுக்கிடையே நண்பகல் வெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி பணித்தாராம். வெப்பமோ 96 பாகை! குளிர்நாட்டுக் கண்ணாடி மண்டபத்தில் வெளிச்சத்தை அடக்கியாண்ட கைகளுக்கு இந்நாட்டு வெயில் எளிதில் அடங்கவில்லை போலும். 1879இல் டிக்கோயாவிலே காலமான அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன.

அப்படங்களிலே உழைக்கும் மக்களின் முகங்களும் உள்ளன. அவற்றைக் காண்போர் ஒரு வேறுபாட்டைக் கவனித்தல் வேண்டும். இங்கிலாந்தின் பெரியோர் தம் பெயருடன் நிற்கின்றனர். 1878இல் எடுக்கப்பட்ட படமொன்றிலே இருப்போர் வெறுமனே ‘களுத்துறைக் குடியானவர்கள்’. முகம் உண்டு, பெயர் இல்லை.

முகமும் பதியப்படாமற் போனவர் தொகையோ மிகப் பெரிது. அக்காலத்திலே கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழ்த் தொழிலாளர்களுட் பெருந்தொகையினர் இராமேசுவரப் பக்கத்திலிருந்து தோணியேறி, மன்னார்க் கரையிலே இறங்கி, காடு வழியாகத் தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் நடந்தவர்கள். நோயாலும் பசியாலும் வழியிலேயே மாண்டவர் பலர். மன்னார் மணலிலே கால் பதித்த அவர்களுட் பெரும்பாலோருக்கு ஒரு படமேனும் இல்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின், அவர்கள் வழிவந்த குடும்பங்கள் பல அதே கரைக்குத் திரும்பி, தலைமன்னார்த் துறையிலே கப்பலேறின. அந்தக் கப்பற் சேவை 1984 வரை நடந்தது. இம்முறை கையிலே கடவுச்சீட்டும் அதிலே ஒரு படமும் இருந்தன. ஆனால் கடவுச்சீட்டுப் படம் நிழலை விரும்பாது. நேர்முகமாய், தட்டையாய், ஆளை அடையாளங் காண்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகின்றது. தோட்டத்து லயத்தில் வாழ்ந்த ஒரு தாயின் பொறுமையை அது கூறாது.

அதனைக் கூறவல்ல வெளிச்சம் ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. காசு கொடுத்து வாங்க வேண்டுவதில்லை. வடக்குச் சாளரமே சிறந்தது என்பது ஐரோப்பிய நூல்களின் விதி. அங்கே சூரியன் என்றும் தெற்கே சாய்ந்து செல்வதே காரணம். மன்னாரோ வட அகலக்கோடு 9 பாகையளவில் உள்ளது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி நண்பகற் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கின்றான். அதன்பின் ஓகஸ்டு இறுதிவரை உச்சிக்கு வடக்கே செல்கின்றான். ஆகவே புரட்டாதி முதல் பங்குனி வரை வடக்குச் சாளரமும், வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் தெற்குச் சாளரமும் நேர்வெயில் படாத மென்மையான ஒளியைத் தரும். விறாந்தைத் தாழ்வாரம் இருப்பின் இன்னும் நன்று. அமர்பவர் சாளரத்துக்கு ஒரு முழம் இரு முழம் அருகே, சற்றே பக்கவாட்டில் இருத்தல் வேண்டும். விலக விலக ஒளி விரைவாகக் குன்றும். நிழற்பக்கம் மிக இருண்டால், எதிர்ப்புறத்தே ஒரு வெள்ளை வேட்டியை விரித்துப் பிடித்தாற் போதும்; வெள்ளையடித்த சுவரும் அப்பணியைச் செய்யும்.

கண்ணாடி மண்டபமும் ஈரத்தகடும் இன்று வேண்டியதில்லை, கைத்தொலைபேசியே கமராவாகிவிட்டது. பேசாலையிலோ வங்காலையிலோ எருக்கலம்பிட்டியிலோ, முதியவளொருத்தி காலை வேளையிலே சாளரத்தோரம் அமர்ந்து அரிசியிற் கல் பொறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். பேரப்பிள்ளை அவளை அவ்வாறே படம் பிடித்து, அதன் பின்புறத்தே அவளுடைய பெயரையும் ஊரையும் ஆண்டையும் எழுதி வைப்பானாயின், களுத்துறைக் குடியானவர்களுக்குக் கிட்டாத ஒன்று அவளுக்குக் கிட்டிவிடும்.