ஒரு மேஜை... ஒரு கோப்பை... ஒரு புரட்சி!

வேலை முடிந்த சாயங்காலம். உங்களுக்குப் பிடித்த ஹோட்டலுக்குள் நுழைகிறீர்கள். ஃபேனுக்குக் கீழே, ஓரமாக இருக்கிற அந்த 'இரண்டு பேர்' மேஜை காலியா என்று கண் தேடுகிறது. உட்கார்ந்ததும் மெனு கார்டு வருகிறது. முதலில் வலது பக்கம் விலையைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் இடது பக்கம் என்ன அயிட்டம் என்று பார்க்கிறீர்கள். (வெட்கப்படாதீர்கள், எல்லோரும் அப்படித்தான்!) சாப்பிட்டு, பில் கொடுத்து, கொஞ்சம் சோம்பை வாயில் போட்டுக்கொண்டு கிளம்புகிறீர்கள்.

இதில் என்ன சரித்திரம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது! தனி மேஜை, விலை போட்ட பட்டியல், பசித்த நேரத்தில் சாப்பாடு, சாப்பிட்டதற்கு மட்டும் காசு... சீனாவில் சோங் வம்சத்து மன்னர்கள் காலத்திலேயே இப்படிப்பட்ட உணவகங்கள் இருந்தன. ஆனால், ஐரோப்பாவுக்கு இந்த சௌகரியங்கள் எல்லாம் ஒன்றாக வந்து சேர்ந்தது 1760-களில்தான். வந்த இடம், பாரிஸ். அந்த மேஜைக்காகவும், அதன் மேலிருந்த ஒயின் கோப்பைக்காகவும் பாரிஸ்காரர்கள் பட்ட பாடும், படுத்திய பாடும் கொஞ்சநஞ்சமல்ல.

அதற்கு முன்னால், வீட்டில் அடுப்பு இல்லாத ஒரு பாரிஸ்காரர் என்ன செய்தார்? சத்திரத்துக்குப் போனார். அங்கே நீளமாக ஒரே மேஜை. சாப்பாடு போடும் நேரம் கறாராக ஒரே நேரம். லேட்டாக வந்தால் பட்டினி! எல்லாப் பாத்திரங்களையும் நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கறிக்குப் பக்கத்தில் இடம்பிடித்த உள்ளூர் கில்லாடிகள் வெளுத்துக் கட்ட, மேஜைக் கோடியில் மாட்டிக்கொண்ட வெளியூர்க்காரருக்கு எலும்பும் குழம்பும்தான் மிச்சம். அவரும் காசு என்னவோ முழுசாகத்தான் கொடுக்க வேண்டும்!

அப்போது வந்தது 'ரெஸ்டாரன்ட்'. இந்த வார்த்தை முதலில் ஒரு கடையைக் குறிக்கவில்லை... ஒரு சூப்பைக் குறித்தது! பிரெஞ்சு மொழியில் 'ரெஸ்டாரன்ட்' என்றால் 'தெம்பு தருவது' என்று அர்த்தம். கறியைப் பல மணி நேரம் வேகவைத்து எடுக்கும் சாறு அது. நம்ம ஊரில் உடம்புக்கு முடியாதவர்களுக்கு ஆட்டுக்கால் சூப் கொடுப்போமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. நோயாளிகள் நினைத்த நேரத்தில் வருவார்கள், தனியாக உட்கார விரும்புவார்கள், அளவாகச் சாப்பிடுவார்கள். அவர்களுக்காக சூப் கடையில் சின்னச் சின்ன மேஜைகள் போட்டார்கள். சூப்பின் பெயரே கடைக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆரம்பித்தது யார்? 1765-ல் பூலான்ஜே என்ற சூப் கடைக்காரர் ஆட்டுக்கால் சமைத்து விற்றார், சமையல்காரர் சங்கம் கேஸ் போட்டது, அவர் ஜெயித்தார் என்று பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். சுவையான கதைதான். ஆனால், பிற்கால ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் துருவிப் பார்த்ததில், அப்படியொரு கேஸ் நடந்ததற்கான தடயமே இல்லை! ஆவணங்களில் தட்டுப்படுபவர் இன்னொருவர்: மாத்யுரான் ரோஸ் த ஷாந்துவாஸோ. மன்னரின் கடனை அடைக்கவே திட்டம் போட்டுக் கொடுத்த மனிதர். பாரிஸ் வியாபாரிகளின் முகவரிகளைத் தொகுத்து ஒரு கையேடு வெளியிட்டார். அதில் பாரிஸின் முதல் ரெஸ்டாரன்ட்காரர் என்று தன்னையே போட்டுக்கொண்டார். விளம்பரம் என்றால் இதுவல்லவா விளம்பரம்!

இங்கே இன்னொரு கட்டுக்கதையையும் உடைத்துவிடலாம். 'புரட்சியில் பிரபுக்களின் தலைகள் உருண்டன, வேலையிழந்த சமையல்காரர்கள் ரெஸ்டாரன்ட் திறந்தார்கள்' என்பார்கள். சிலர் அப்படித் திறந்தது உண்மை. ஆனால், புரட்சிக்கு 20 வருடங்களுக்கு முன்பே ரெஸ்டாரன்ட் வந்துவிட்டது. பதினாறாம் லூயி மன்னரின் தம்பியிடம் பணிபுரிந்த பொவிலியே, 1780-களிலேயே பாரிஸில் பகட்டான உணவகம் நடத்திக்கொண்டிருந்தார்.

அது காசுள்ளவர்களுக்கு. சாதாரண ஜனங்களுக்கு?

மலிவான ஒயின்தான்! அதில்தான் வந்தது வினை.

பாரிஸுக்குள் நுழையும் சரக்குகளுக்கு அப்போது நுழைவு வரி உண்டு. ஒயினுக்கும்தான். இந்த வரி விலைக்கு அல்ல, அளவுக்கு! அதாவது, பிரபு குடிக்கும் உயர்ரக ஒயின் ஒரு பீப்பாய்க்கு என்ன வரியோ, கூலிக்காரர் குடிக்கும் மட்டரக ஒயின் ஒரு பீப்பாய்க்கும் அதே வரி. பிரபுவுக்கு அது கொசுக்கடி. கூலிக்காரருக்கோ ஒயினின் அசல் விலையை வரியே விழுங்கிவிடும்.

ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? நம்ம ஊர் ஆட்கள் சரக்கு விலை குறைச்சல் என்று பாண்டிச்சேரிக்கு வண்டியைத் திருப்புவது உங்களுக்குத் தெரியும். (அதுவும் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர் ஊர் என்பது தனி வேடிக்கை!) பாரிஸ் ஜனங்களும் அதையேதான் செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பம் குடும்பமாக நகர எல்லையைத் தாண்டி நடந்தார்கள். அங்கே வரி இல்லாத ஒயின் கடைகள் வரிசையாகக் காத்திருந்தன. அவற்றுக்கு 'கங்கெத்' என்று பெயர். மர நிழலில் பெஞ்சு, பிடில் வாசிக்க ஒரு ஆள், வறுத்த கறி, ஆட்டம்பாட்டம். தாம்பிள் புறநகர்த் தெரு வழியாக மேடேறினால் பெல்வில் கிராமம். அதன் அடிவாரத்தில் ராம்போனோ என்பவர் மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு ஒயின் விற்றார். 1760 வாக்கில் ஊரே அவர் கடையில்தான் கிடந்தது. வேஷம் மாற்றிக்கொண்டு சீமாட்டிகளும் வந்ததாகச் சொல்வார்கள்!

வரி வசூல் குத்தகைதாரர்கள் வயிறு எரிந்தது. 'சுற்றிலும் ஒரு சுவர் எழுப்பிவிட்டால்?' என்று யோசித்தார்கள். அதற்காக வாதாடியவர்களில் ஒருவர் யார் தெரியுமா? ஆக்ஸிஜனுக்குப் பெயர் வைத்த வேதியியல் மேதை லவாய்சியர்! அவர் அந்த வரிக் குத்தகைக் குழுவில் ஒரு பங்குதாரர்.

1784-ல் வேலை தொடங்கியது. நகரத்தைச் சுற்றிச் சுமார் 24 கிலோமீட்டருக்கு, பத்தடிக்கு மேல் உயரமான சுவர். இடையிடையே 50-க்கும் மேற்பட்ட சுங்கச்சாவடிகள். எதிரியைத் தடுக்கக் கோட்டை கட்டுவார்கள்... இது சொந்த ஜனங்களின் சாராயத்தைத் தடுக்கக் கட்டிய கோட்டை! கங்கெத் கடைகளில் பலவும் இப்போது சுவருக்கு உள்ளே மாட்டிக்கொண்டன. கடத்தல்காரர்கள் சுவருக்கு அடியில் குழாய் பதித்து ஒயினை உள்ளே ஓடவிட்டார்கள். பொறுமிக்கொண்டே இருந்தது பாரிஸ்.

1789, ஜூலை. 'பாஸ்டில் சிறையை உடைத்ததுதான் பிரெஞ்சுப் புரட்சியின் ஆரம்பம்' என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது 14-ம் தேதி. அதற்கு நாலு நாள் முன்பிருந்தே ஜனங்கள் எதைக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள்? சுங்கச்சாவடிகளை! ரசீது, கணக்குப் புத்தகம் என்று எல்லாம் சாம்பல். ஒயின் பீப்பாய்கள் வரி கட்டாமலேயே உருண்டு உள்ளே போயின.

12-ம் தேதி இன்னொரு காட்சி. 'பலே ரொயால்' என்பது அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர்லியான் கோமகனுக்குச் சொந்தமான வளாகம். உள்ளே கடைகள், காபி கடைகள். போலீஸார் சுலபத்தில் நுழைய முடியாத இடம் என்பதால் அரசியல் பேச்சு தூள் பறக்கும். ஜனங்களுக்குப் பிடித்த மந்திரி நெக்கரை மன்னர் நீக்கிவிட்டார் என்ற செய்தி வந்ததும், அங்கிருந்த கஃபே த ஃபுவா என்ற கடை முன்னால் கமில் தெமுலான் என்ற இளம் வக்கீல் ஒரு மேஜை மீது தாவி ஏறினார். கொஞ்சம் திக்குவாய்க்காரர். ஆனால், அன்றைக்கு 'ஆயுதம் எடுங்கள்!' என்று அவர் முழங்கியதில் கூட்டம் பற்றிக்கொண்டது. இரண்டே நாளில் பாஸ்டில் விழுந்தது.

1791 மே முதல் தேதி, நுழைவு வரி ஒழிந்தது. பாரிஸ் திருவிழாக் கோலம் பூண்டது. லவாய்சியர்? 1794-ல் மற்ற வரிக் குத்தகைதாரர்களோடு சேர்த்து அவர் தலையும் வெட்டப்பட்டது. மகா விஞ்ஞானி என்பது எடுபடவில்லை. அந்தச் சுவரை யாரும் மறக்கவில்லை!

ஆனால் பாருங்கள், அரசாங்கம் என்பது எங்கேயும் அரசாங்கம்தான். 1798-ல் புரட்சி அரசே நுழைவு வரியைத் திரும்பக் கொண்டுவந்தது. இந்த முறை, 'ஆஸ்பத்திரி, ஏழைகள் நலனுக்காக' என்று பெயர் சூட்டி!

புரட்சிக் காலத்தில் ரெஸ்டாரன்ட் மேஜையில் ரத்தமும் சிந்தியது. 1793 ஜனவரி 20. மறுநாள் காலை மன்னருக்கு கில்லட்டின். மரண தண்டனைக்கு ஓட்டுப் போட்ட உறுப்பினர் லெப்பெலெத்தியே, பலே ரொயாலில் ஒரு ரெஸ்டாரன்ட்டில் சாப்பிட வந்திருந்தார். மன்னரின் முன்னாள் மெய்க்காப்பாளர் ஒருவன் அவரைத் தேடிவந்து வாளால் குத்திச் சாய்த்தான். யார் வேண்டுமானாலும் நுழையலாம் என்றால், கொலைகாரனும் நுழையலாம்தானே?

1860-ல் பெல்வில் போன்ற புறநகர்கள் பாரிஸோடு இணைக்கப்பட்டன. பழைய சுவர் இடிக்கப்பட்டது. சந்தோஷப்படாதீர்கள்... வரி எல்லை இன்னும் வெளியே தள்ளிப்போனது, அவ்வளவுதான். 'எங்கள் மலிவு ஒயினையும் பறித்துவிட்டீர்களே' என்று பெல்வில் தொழிலாளிகள் குமுறினார்கள்.

பத்து வருடம் கழித்து, பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டது. 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை. குதிரைக் கறி, பூனைக் கறி, கடைசியில் எலிக் கறி! பெரிய ரெஸ்டாரன்ட்டுகள் அப்போதும் மூடவில்லை. வுவாசான் என்ற உணவகம் கிறிஸ்துமஸ் விருந்துக்கு மெனு அச்சடித்தது. மிருகக்காட்சிசாலைக் கங்காரு ஸ்டூ, 'எலிகள் புடைசூழப் பூனை'... கூடவே மிக உயர்ந்த ஒயின்கள்! காஸ்டர், போலக்ஸ் என்று நகரமே கொஞ்சிய இரண்டு யானைகளும் அந்த மாதக் கடைசியில் கறிக்கடைக்குப் போயின. பணக்காரர்களுக்கு அது சாகசம். பெல்வில்லில் பெண்கள் பனியில் ரொட்டிக்கு கியூவில் நின்றுகொண்டிருந்தார்கள். அடுத்த மார்ச்சில் வெடித்த பாரிஸ் கம்யூன் எழுச்சியில், பெல்வில் கடைசி வரை போராடியது ஏன் என்று இப்போது புரிகிறதா?

பிற்பாடு, மேஜை எல்லோருக்கும் வாய்த்தது. 1855-லேயே த்யூவால் என்ற கறிக்கடைக்காரர் தொழிலாளிகளுக்கு மலிவாக சூப்பும் கறியும் போடும் கடைகளை ஆரம்பித்திருந்தார். 1896-ல் தொடங்கிய 'பூயோன் ஷார்த்தியே' இன்றும் ஓடுகிறது. 'பூயோன்' என்றாலே சூப்தான்! நோயாளிக்காக வந்த சூப், தொழிலாளிக்கும் வந்து சேர நூறு வருடம் பிடித்திருக்கிறது.

பரிமாறியவர்கள் பாடு? மீசை வைக்கக்கூடாது என்று சர்வர்களுக்குத் தடை! மீசை கனவான்களின் அடையாளமாம். 1907-ல் பாரிஸ் சர்வர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். வார லீவு கேட்டார்கள், கூடவே மீசையும் கேட்டார்கள். மீசை கிடைத்தது! பாரதியார் அப்போது பாரிஸில் இருந்திருந்தால் ஊர்வலத்தில் முன்னால் நின்றிருப்பார்.

இந்த மேஜைகளுக்குப் பின்னால் இருந்த சமையலறைகளை வெளியூர்க்காரர்கள்தான் தாங்கினார்கள். ஓவெர்ன் மலைக்காரர்கள் கரி மூட்டை சுமக்க வந்து, கரிக்கடையிலேயே ஒயினும் ஊற்றிக் கொடுத்து, காபி கடை முதலாளிகள் ஆனார்கள். 1980-களில் இலங்கையின் போருக்குத் தப்பி வந்த நம் தமிழர்கள், பாத்திரம் கழுவும் தொட்டியில் ஆரம்பித்து அடுப்படி வரை முன்னேறினார்கள். லா ஷப்பல் பகுதியில் இன்று கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும்.

2015, நவம்பர் 13. வெள்ளிக்கிழமை இரவு. பயங்கரவாதிகள் பாரிஸில் 130 பேரைக் கொன்றார்கள். ஒரு கச்சேரி அரங்கத்தைத் தாக்கியவர்கள், அதோடு எவற்றைக் குறிவைத்தார்கள்? கோட்டையையா, கஜானாவையா? இல்லை. நடைபாதை ஓரம் மேஜை போட்டிருந்த சாதாரண பார்களையும் ரெஸ்டாரன்ட்டுகளையும். அவற்றில் ஒன்று 'லா பான் பியர்'. 'நல்ல பீர்' என்று அர்த்தம். அது இருப்பது தாம்பிள் புறநகர்த் தெருவில். ஆம், மலிவு ஒயின் தேடி ஜனங்கள் மேடேறிப் போன அதே தெரு!

மூன்றே வாரத்தில், டிசம்பர் 4-ம் தேதி, அந்தக் கடை மறுபடி திறந்தது. 'நான் மேஜையில் இருக்கிறேன்' என்ற வாசகம் நகரமெங்கும் பரவியிருந்தது. கண்ணீரோடு மெழுகுவத்தி ஏற்றிய ஜனங்கள் உள்ளே போய் உட்கார்ந்து காபிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். காபி குடிப்பது ஒரு வீரமா என்று கேட்கலாம். அவர்கள் தாத்தாவுக்குத் தாத்தாக்கள் ஒரு கோப்பைக்காக 24 கிலோமீட்டர் சுவரோடு மோதியவர்கள். மேஜையை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பார்களா என்ன?