ஏற்காடு டூ காக்கிச் சட்டை: 10-வது படிச்சிருந்தா போதும்... காவலர் ஆவது எப்படி?

காலை 6 மணி. பனி இன்னும் விலகவில்லை. ஏற்காடு ஏரியைச் சுற்றி ட்ராக் சூட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பசங்களைப் பார்த்திருப்பீங்க. எல்லோரும் ஃபிட்னஸுக்காக ஓடுறவங்க இல்லை. நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என மலைக் கிராமங்களில் பலருக்கு அரசு வேலை என்றதும் முதலில் நினைவுக்கு வருவது போலீஸ் வேலைதான். காபித் தோட்டக் கூலியைத் தாண்டி, மாதச் சம்பளத்துக்குப் போகும் வழிகளில் அதுவும் ஒன்று.

ஆனால், 'நல்லா ஓடினா போதும், எடுத்துடுவாங்க' என்று நினைத்தே பலர் கோட்டை விடுகிறார்கள். உண்மையில் என்ன நடக்குது? ஸ்டெப் பை ஸ்டெப்பா பார்ப்போம்.

யார் எடுக்கிறாங்க?

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். 1991-ல் தொடங்கப்பட்டது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வுதான். 2023 அறிவிப்பில் மட்டும் 3,359 இடங்கள். சம்பள விகிதம் ரூ.18,200 - 67,100.

கல்வித் தகுதி 10-ம் வகுப்பு. வயது 18 முதல் 26 வரை. பி.சி., எம்.பி.சி-க்கு 28, எஸ்.சி., எஸ்.டி-க்கு 31 வரை தளர்வு. ஆதரவற்ற விதவைகளுக்கு 37. தகுதி 10-வதுதான் என்றாலும், பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எழுதுவது இன்ஜினீயரிங் முடிச்சவராகக்கூட இருக்கலாம். அதையும் மனசுல வெச்சுக்கோங்க.

முதல் கேட்: தமிழ்

முதலில் தமிழ்த் தகுதித் தேர்வு. 80 கேள்விகள், 80 மதிப்பெண். 40 சதவிகிதம், அதாவது 32 எடுக்கவில்லை என்றால் உங்கள் முதன்மைத் தேர்வுத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

அடுத்தது முதன்மைத் தேர்வு, 70 மதிப்பெண். பொது அறிவு 45, உளவியல் 25. உளவியல் என்றதும் பயப்பட வேண்டாம். கணக்கு, தர்க்கம், தகவலைப் புரிந்துகொள்வது போன்ற மனத்திறன் கேள்விகள்தான். உடல்திறனுக்கு 24, என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆக மொத்தம் 100.

இப்போ கணக்கைப் பாருங்க. மைதானத்தைவிட பரீட்சை ஹாலுக்குத்தான் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வெயிட். ஓடுற நேரத்தில் பாதியையாவது பள்ளிப் புத்தகத்துக்குக் கொடுங்க. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசப் பயிற்சி தருகிறார்கள். ஆயிரக்கணக்கில் ஃபீஸ் கட்டும் முன் அங்கே ஒரு எட்டு போய் விசாரிங்க.

இரண்டாவது கேட்: மைதானம்

உயரம், ஆண்களுக்கு 170 செ.மீ. எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. ஆண்களுக்கு மார்பளவு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரியணும்.

ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்கணும். 400 மீட்டர் சுற்று ஒவ்வொன்றையும் 1 நிமிடம் 52 விநாடிக்குள் ஓடினால் சரியாக வரும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. இதில் மார்க் கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில். அதைத் தாண்டினால்தான் மார்க் உள்ள போட்டிகள்: ஆண்களுக்குக் கயிறு ஏறுதல், நீளம் அல்லது உயரம் தாண்டுதல், 100 அல்லது 400 மீட்டர் ஓட்டம். பெண்களுக்கு நீளம் தாண்டுதல், குண்டு அல்லது கிரிக்கெட் பந்து எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம்.

மலைப் பசங்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேட்டில் ஓடிப் பழகிய நுரையீரல் நல்ல சொத்துதான். ஆனால் பரீட்சை நடப்பது கீழே, சேலம் குமாரசாமிப்பட்டி ஆயுதப்படை மைதானம் போன்ற இடங்களில். அந்தப் புழுக்கம் வேற, சமதளத்தில் ஓடும் வேகமும் வேற. சில வாரங்களாவது கீழே வந்து, கையில் ஸ்டாப்வாட்ச்சோட ஓடிப் பாருங்க. கயிறும் அப்படித்தான். மரம் ஏறத் தெரிஞ்சா கயிறு ஏறிடலாம்னு நம்பிடாதீங்க.

ஓடும் முன் ஒரு சான்றிதழ்

சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி பழங்குடியினர், பெயரைப் பார்த்துப் பலரும் நினைப்பதுபோல கேரளக்காரர்கள் இல்லை. தமிழ் பேசும் மலை மக்கள். சேலம் மாவட்டத்தில் அவர்கள் பட்டியல் பழங்குடியினர். எஸ்.டி. சான்றிதழை வழங்குவது தாசில்தார் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை முடிய நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், 31 வயது தளர்வும் 167 செ.மீ. சலுகையும் கைநழுவிப் போகும். 1 முதல் 10 வரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவிகித ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழையும் பள்ளியில் இப்பவே வாங்கி வெச்சுடுங்க.

யாரும் சொல்லாத ஒரு விஷயம்

ஊர்த் திருவிழாவில் ஒரு தகராறு. நண்பனுக்காகக் கைகலப்பில் இறங்குகிறீர்கள், எஃப்.ஐ.ஆரில் பேர் ஏறுகிறது. பிறகு சாட்சிகள் பின்வாங்க, வழக்கு தள்ளுபடி. 'அதான் விடுதலை ஆயிட்டேனே' என்பது இங்கே செல்லாது. சந்தேகத்தின் பலனாலோ, சாட்சி பிறழ்ந்ததாலோ விடுதலையானவரையும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே விதி பார்க்கிறது. வழக்கை மறைத்தால் அதுவே தனிக் குற்றம். எழுத்து, ஓட்டம், மெடிக்கல் எல்லாம் பாஸாகி, போலீஸ் விசாரணையில் வேலையை இழந்து கோர்ட் படி ஏறியவர்கள் நிறைய. ஒரு கோபம், மொத்த வாழ்க்கைக்கும் விலை.

பயிற்சியும் அதற்குப் பிறகும்

தேர்வானவர்களுக்குக் காவலர் பயிற்சிப் பள்ளியில் சுமார் 7 மாதம் பயிற்சி. காலையில் உடற்பயிற்சி, கவாத்து. துப்பாக்கி, லத்தி, கூட்டத்தைக் கையாளுதல், முதலுதவி. வகுப்பறையில் சட்டம். 2024 ஜூலை 1-லிருந்து பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டங்கள்தான் பாடம். பின் ஒரு மாதம் காவல் நிலையத்தில் செய்முறைப் பயிற்சி.

பயிற்சி முடிந்ததும் ஸ்டேஷனில் உட்கார்ந்து கேஸ் எழுதலாம்னு கனவு காணாதீங்க. முதலில் ஆயுதப்படை அல்லது தமிழ்நாடு சிறப்புக் காவல் படை. பந்தோபஸ்து, கைதிகளுக்கு வழிக்காவல், இரவுப் பணி என்று சில வருடம் போன பிறகே சட்டம் ஒழுங்கு. இன்னொரு குழப்பம்: ஏற்காடு ஸ்டேஷன் சேலம் மாவட்ட எஸ்.பி-யின் கீழ் வருகிறது. மலையிறங்கினால் வரும் மாநகரம், கமிஷனரின் கீழ். ஒரே ஊர் போலத் தெரிந்தாலும் இரண்டும் தனித்தனி.

ஒரு சேலத்துக்காரரின் கதை

பிரித்திகா யாஷினி. சேலத்தைச் சேர்ந்த திருநங்கை. எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பித்தபோது படிவத்தில் அவருக்கான கட்டமே இல்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2015-ல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. பயிற்சி முடித்து, 2017-ல் தருமபுரியில் உதவி ஆய்வாளராகப் பணியில் சேர்ந்தார். இன்று காவலர் தேர்வு அறிவிப்பில் 'திருநங்கை' என்ற பிரிவு தனியாகவே இருக்கிறது.

கட்டம் இல்லாத படிவத்தையே மாற்ற வைத்தார் அவர். உங்களுக்குக் கட்டம் இருக்கு. நிரப்பத் தேவையான சான்றிதழும் புத்தகமும் ஸ்டாப்வாட்ச்சும் தயாரா? நாளைக்கு அலாரம் 5 மணிக்கு வைங்க!