பழந்துப்பாக்கியும் மூல உறுப்பும்: வின்செஸ்டர் 1890 பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பழம்பொருள்களை வரலாற்றுக்குச் சான்றாகக் கொள்வோர் கல்வெட்டையும் காசையும் ஏட்டையும் ஆராயும் அளவிற்குப் பொறிகளை ஆராய்வதில்லை. பொறி பழுதுற்றால் திருத்தப்படும். திருத்துந்தோறும் அதன் உறுப்புகள் மாறும். ஆதலின் அது சான்றாகுமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பே. இவ்வையத்தை ஆராய்வதற்கு ஏற்ற பொருளொன்று உண்டு. அமெரிக்க நாட்டு வின்செஸ்டர் நிறுவனத்தார் 1890 முதல் 1932 வரை செய்து விற்ற சிறு துப்பாக்கியே அஃது. அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர விழைவோர் கிடைத்தற்கரிய மூல உறுப்புகளைத் தேடிப் பொருத்துகின்றனர். அவ்வாறு பொருத்தப்பட்ட துப்பாக்கி மூலத் துப்பாக்கி ஆகுமா? 'மூலம்' என்னும் சொல்லுக்கு ஈண்டுப் பொருள் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளிம்பில் வெடிக்கும் தோட்டா

முற்காலத் துப்பாக்கிகளில் மருந்தையும் குண்டையும் வாய்வழியே இட்டுக் கெட்டித்துச் சுடுவது வழக்கம். 1845ஆம் ஆண்டில் பாரிசு நகரத்துக் கம்மியராகிய ஃபுளோபேர் என்பார், கேப்பு என வழங்கும் சிறு செம்புத் தொப்பியின் வாயிலேயே குண்டினைப் பதித்து ஒரு தோட்டாவை அமைத்தார். 1857இல் அமெரிக்கராகிய ஸ்மித், வெஸ்ஸன் இருவரும் இவ்வமைப்பை வளர்த்து, கூட்டினுள் மருந்தும் இட்டு, .22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டனர். இத்தோட்டாவின் அடிவிளிம்பு மடிக்கப்பட்டிருக்கும். அம்மடிப்பினுள் அடித்தால் பற்றும் வெடிப்பொருள் பரவியிருக்கும். அடியூசி விளிம்பை நசுக்கியவுடன் தோட்டா வெடிக்கும். ஆங்கிலத்தில் 'ரிம்ஃபயர்' எனப்படும் இதனை இக்கட்டுரை விளிம்படித் தோட்டா எனக் குறிக்கும்.

விளிம்பு எளிதில் நசுங்கல் வேண்டும். ஆதலின் கூடு மெல்லியதாக இருத்தல் வேண்டும். மெல்லிய கூடு மிக்க அழுத்தத்தைத் தாங்காது. 1860இல் உரிமம் பெற்ற ஹென்றி, ஸ்பென்சர் துப்பாக்கிகள் பெரிய விளிம்படித் தோட்டாக்களைக் கொண்டு அமெரிக்க உள்நாட்டுப் போரில் பயன்பட்டனவாயினும், வலிமை மிக்க துப்பாக்கிகள் பின்னர் நடுவில் அடிபடும் தோட்டாவையே மேற்கொண்டன. விளிம்படித் தோட்டா சிறிய .22 அளவில் நிலைத்தது; மலிவும் மெல்லோசையும் அதனைச் சிறார் பயிற்சிக்கும் சிறு வேட்டைக்கும் கேளிக்கைக் கூடத்து இலக்குச் சுடுதலுக்கும் உரியதாக்கின. விலை குறைந்த பொருளைப் போற்றிக் காப்பார் சிலரே. இத்துப்பாக்கிகள் பல சிதைந்த நிலையில் நமக்குக் கிடைப்பதற்கு இதுவே முதற் காரணம்.

இரண்டாவது காரணம் வேதியியல் சார்ந்தது. 1920களின் பிற்பகுதி வரையில் வழங்கிய வெடிப்பொருளில் பொட்டாசியம் குளோரேட் பெரிதும் கலந்திருந்தது. அது வெடித்தபின் எஞ்சும் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை ஈர்த்துக் குழலின் உட்புறத்தைத் துருவேற்றும். சுட்ட அன்றே கழுவித் துடையாத குழலின் திருகுவரிகள் நாளடைவில் அரிக்கப்பட்டு மறைந்தன.

மாற்றிப் பொருத்தும் கொள்கை

கைவினைக் காலத்தில் துப்பாக்கியின் ஒவ்வோர் உறுப்பும் அத்துப்பாக்கிக்கென்றே அரத்தால் அராவிப் பொருத்தப்பட்டது. ஒன்றன் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. இந்நிலையை மாற்றும் முயற்சி பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் தொடங்கியது. 1820களில் அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி படைக்கலச் சாலையில் ஜான் ஹால் என்பாரால் அளவுகோல்களும் எந்திரங்களும் கொண்டு நிறைவேற்றப்பட்டது. 1851இல் இலண்டனில் நடைபெற்ற பெருங்கண்காட்சியில், உறுப்புகள் தம்முள் மாறிப் பொருந்தும் அமெரிக்கத் துப்பாக்கிகளைக் கண்ட ஆங்கிலேயர் வியந்தனர். சில ஆண்டுகளில் அவ்வெந்திரங்களையே தம் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு வாங்கினர்.

வின்செஸ்டர் 1890 இம்மரபில் தோன்றியது. எனவே, பழுதுற்ற உறுப்பை நீக்கி அதே வகை உறுப்பைப் பொருத்துதல் இதன் இயல்பிற்கு மாறானதன்று. அவ்வாறு செய்வதற்கென்றே இது படைக்கப்பட்டது எனலாம். ஆயின் அவ்வியல்பே வரலாற்றாசிரியனுக்கு இடராகின்றது. எளிதில் மாற்றத்தக்க பொருளில் மாற்றம் எளிதில் புலப்படாது.

ஒரு பெயர், பல வடிவங்கள்

இத்துப்பாக்கியின் அமைப்பு ஜான் பிரௌனிங், மாத்யூ பிரௌனிங் என்னும் உடன்பிறந்தாரால் வகுக்கப்பட்டு 1888இல் உரிமம் பெற்றது. குழலின் கீழுள்ள மரப்பிடியைப் பின்னும் முன்னும் இழுத்துத் தள்ளினால் வெறுங்கூடு வெளியேறிப் புதுத்தோட்டா உள்ளேறும். 24 அங்குல நீளமுள்ள எண்கோணக் குழல் இதன் பொதுவடிவம். நாற்பத்திரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 8,50,000 துப்பாக்கிகள் செய்யப்பட்டன.

இத்துணை மிகுதியாகச் செய்யப்பட்டதற்கு உறுப்புகள் கிடைத்தல் ஏன் அரிதாகின்றது? ஒரே பெயரால் வழங்கினும் இதன் வடிவம் ஒன்றன்று என்பதே விடை. முதலில் செய்த ஏறத்தாழ 15,000 துப்பாக்கிகளின் உடற்சட்டம் பிரிக்க இயலாதது. பின்னர் வந்தவை திருகொன்றால் இரண்டாகப் பிரியும். 1901 வரையில் உடற்சட்டம் கரித்தூளில் பொதிந்து சுடப்பட்டு, நீரில் தோய்க்கப்பட்டு, பல நிறம் விரவிய மேற்பரப்புடன் விளங்கியது; அதன் பின்னர் நீலமேற்றப்பட்டது. 1908ஆம் ஆண்டளவில் பூட்டமைப்பும் மாறியது. பூட்டு பொருந்தும் வெட்டுகள் உடற்சட்டத்தின் மேலே வெளிப்படையாகத் தோன்றலாயின.

தோட்டா வகையாலும் வேறுபாடு உண்டு. குறுந்தோட்டா, நெடுந்தோட்டா, 'டபிள்யூ.ஆர்.எஃப்.' எனப்படும் வின்செஸ்டர் தோட்டா, 1919இல் சேர்ந்த 'லாங் ரைஃபிள்' தோட்டா என நான்கு வகைக்கும் தனித்தனியே துப்பாக்கி செய்தனர். ஒரு துப்பாக்கி ஒரு வகைத் தோட்டாவையே ஏற்கும். தோட்டாவைத் தாங்கிக் குழல்வாய்க்கு உயர்த்தும் ஏந்தி என்னும் உறுப்பும் வகைக்கேற்ப வேறுபட்டது. ஆகவே, உடைந்த ஏந்தி ஒன்றற்கு மாற்றுத் தேடுவோன், எட்டரை இலட்சத்துள் தேடுவானல்லன். அதே தோட்டாவிற்கும் அதே காலத்திற்கும் உரிய சிறு கூட்டத்துள் தேடுவான். சிறு திருகாணியும் அவனை வருத்தும். வின்செஸ்டர் நிறுவனத்தார் தமக்கே உரிய மரையளவுகளைக் கையாண்டமையின் கடைத்தெருவில் கிடைக்கும் திருகாணி அதிற் பொருந்தாது.

உறுப்புகள் கிடைக்கும் வழி

1932க்குப்பின் இத்துப்பாக்கி செய்யப்படவில்லை. நியூ ஹேவன் நகரத்துத் தொழிற்சாலையும் 2006இல் மூடப்பட்டது. ஆகவே மூல உறுப்பு என இன்று விற்கப்படுவனவற்றுட் பெரும்பகுதி, பிறிதொரு துப்பாக்கியைப் பிரித்து எடுக்கப்பட்டதேயாம். ஒன்றை நிறைவாக்குதற்கு மற்றொன்று குறைவாக்கப்படுகின்றது. உடற்சட்டம் உடைந்தோ துருவால் அழிந்தோ போன துப்பாக்கியினின்று உறுப்பை எடுப்பதில் இழுக்கில்லை. எளிய பழுதுடைய துப்பாக்கியை, உறுப்புகளைத் தனித்தனியே விற்றால் மிக்க விலை கிடைக்கும் என்பதற்காகக் கலைப்பதோ, முழுமையான சான்று ஒன்றை அழிப்பதாகும்.

'மூலம்' என்னும் சொல்லின் மூன்று பொருள்கள்

இத்துறையில் 'மூல உறுப்பு' என்னும் தொடர் மூன்று பொருளில் வழங்குகின்றது. தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் இதே துப்பாக்கியில் இருந்த உறுப்பு ஒன்று. அதே காலத்தில் அதே வகைக்கெனச் செய்யப்பட்டுப் பிறிதொன்றில் இருந்த உறுப்பு மற்றொன்று. பழைய வடிவைப் பார்த்து இக்காலத்தில் புதிதாகச் செய்த உறுப்பு மூன்றாவது. மூன்றாவதனை மூலம் என்றல் பொருந்தாது. இரண்டாவது வகையால் மூலம். முதலாவதே வரலாற்றால் மூலம். வணிகர் இரண்டாவதனை முதலாவதுபோற் கூறுவதனாலேயே மயக்கம் விளைகின்றது.

இம்மயக்கத்தைத் தீர்க்கத் துப்பாக்கியிலேயே சில அகச்சான்றுகள் உண்டு. வரிசையெண் காலத்தை உணர்த்தும். 1905 முதல் வின்செஸ்டர் நிறுவனத்தார், ஆய்ந்து தேர்ந்தமைக்கு அறிகுறியாக டபிள்யூ, பி என்னும் இரண்டெழுத்து முத்திரையைக் குழலிலும் உடற்சட்டத்திலும் பொறித்தனர். வரிசையெண்ணால் 1905க்கு முற்பட்டதெனத் தெரியும் ஒரு துப்பாக்கியின் குழலில் இம்முத்திரை இருக்குமாயின், அக்குழல் பின்னர் மாற்றப்பட்டது என்றோ, அத்துப்பாக்கி மீண்டும் தொழிற்சாலைக்குச் சென்று வந்தது என்றோ துணியலாம். வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் தொழிற்சாலைப் பதிவேடுகள் உள்ளன. அவை கிடைக்கும் எண்களுக்குப் புறச்சான்றாக உதவுகின்றன.

திருத்தமும் சான்றழிவும்

துருவால் அரிக்கப்பட்ட குழலைத் திருத்துவோர், உட்புறத்தைக் குடைந்து அகலமாக்கி, திருகுவரி பொறித்த மெல்லிய எஃகுக் குழாயொன்றைச் செருகுவர். குழலின் வெளிப்புறமும் அதன்மேற் பொறித்த எழுத்துகளும் சிதையா. துப்பாக்கி மீண்டும் செவ்வையாகச் சுடும். ஆயின் பழைய திருகுவரி மீளாது அழியும். டபிள்யூ.ஆர்.எஃப். தோட்டா இக்காலத்தில் அவ்வப்போதே செய்யப்படுகின்றமையின், அதற்குரிய துப்பாக்கியை வேறு தோட்டாவிற்கு மாற்றிவிடுவோரும் உளர். அந்நிலையில் குழலின் வெளியெழுத்து ஒன்றைக் கூற, உள்ளறை பிறிதொன்றைக் கூறும். இஃது அறியாதார்க்குத் தீங்கும் ஆகும்.

மேற்பூச்சைப் புதுப்பித்தல் இதனினும் பெருங்கேடு. தேய்ந்த நீலத்தைச் சாணையால் உரசி நீக்கும்போது, எழுத்துகளின் ஓரம் மழுங்கும்; எண்கோணக் குழலின் கூரிய முனைகள் உருண்டையாகும். அதன்மேல், அத்துப்பாக்கி செய்த காலத்தில் வழங்காத கொதியுப்பு முறையால் நீலமேற்றினால், பார்வைக்குப் புதியதும் உண்மைக்குப் புறம்பானதுமாகிய பொருளொன்றே எஞ்சும். கைப்பிடியில் தேய்ந்த இடம் எத்தனையோ கைகள் பற்றியதைக் கூறும் சான்று. அதனை அழித்தபின் அக்கூற்றைக் கேட்க இயலாது.

1964ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் கூடிய அறிஞர், பழங்கட்டடங்களைப் பற்றி இரு நெறிகளை வகுத்தனர். ஊகம் தொடங்கும் இடத்தில் திருத்தம் நிற்றல் வேண்டும். புதிதாகச் சேர்த்த பகுதி முழுமையோடு இயைந்திருப்பினும் மூலத்தினின்று பிரித்தறியத் தக்கதாதல் வேண்டும். இவை துப்பாக்கிக்கும் பொருந்துவனவே. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர்க்கும் இது புதிய நெறியன்று. செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவது நற்பதிப்பு. தாமே பாடி நிரப்பி அதனை மறைப்பது நூலுக்கு இழைக்கும் தீங்கு.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு: மாற்றிப் பொருத்தும் உறுப்புகளாலாகிய துப்பாக்கியில் உறுப்பு மாற்றம் குற்றமன்று, மறைக்கப்பட்ட மாற்றமே குற்றம். அதே காலத்து உறுப்பைத் தேடிப் பொருத்துதல் நன்று. நீக்கிய பழைய உறுப்பை, உடைந்ததாயினும், துப்பாக்கியோடு காத்தல் அதனினும் நன்று. புதிதாகச் செய்த உறுப்பில் செய்த ஆண்டினைக் கண்ணிற்படாத இடத்திற் பொறித்தலும், செய்த திருத்தம் ஒவ்வொன்றையும் ஏட்டில் எழுதித் துப்பாக்கியுடன் வைத்தலும் திருத்துவோன் கடமையாம். சுடுவதற்காகத் திருத்துவதா, சான்றாகக் காப்பதற்காகத் திருத்துவதா என்பதை முதற்கண் துணிதல் வேண்டும். காப்பதே நோக்கமாயின் பழைய குழலைக் குடைதற்குத் தேவையே இல்லை. கிடைத்தற்கரிய உறுப்பு கிடைக்காத இடத்து அக்குறையைக் குறையாகவே விட்டுவைத்தலும் ஒரு திருத்தமே. அக்குறையும் அத்துப்பாக்கியின் வரலாற்றில் ஒரு பகுதியன்றோ?