மலைவீதியும் டயரின் விலையும்

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் வீதியில், அக்குறணைக்கு அப்பால் அமைந்த ஊர் அலவத்துகொட. மழைக்காலத்தில் இவ்வீதியில் செல்வோரின் உயிர் டயரின் பிடியிலேயே தங்கியுள்ளது.

அந்த டயரின் வரலாறு இலங்கையோடு நெருங்கிய தொடர்புடையது. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 நாற்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவிலுள்ள ஹெனரத்கொடத் தோட்டத்தில் வேரூன்றின. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரை உருவாக்கினார். எனினும் இறப்பர் விளைவித்த நாடு டயரை நெடுங்காலம் பிறநாடுகளிலிருந்தே வாங்கிற்று. 1960களில் சோவியத் உதவியுடன் களனியில் தொழிற்சாலை எழுந்த பின்னர் அந்நிலை மாறலாயிற்று.

வாங்குவோர் முன் விலையுயர்ந்த டயரும் உண்டு. மலிவான டயரும் உண்டு. தேய்ந்த டயருக்குப் புதிய இறப்பர் ஒட்டிப் புதுப்பிக்கும் வழியும் உண்டு. சமவெளியில் மெல்ல ஓடும் வண்டிக்கு மலிவான டயரே போதியதாகலாம். நனைந்த மலைச்சரிவிலோ நல்ல இறப்பர்க் கலவையும், நீரை வெளியேற்றும் ஆழமான வரிப்பள்ளங்களும் இன்றியமையாதவை. அவை வண்டியைச் சில அடி முன்னதாகவே நிறுத்தும். உயிரைக் காப்பது அச்சில அடிகளே. ஆதலின் டயர் வாங்குவோர் முதலில் தாம் செல்லும் பாதையை எண்ணி, அதன் பின்னர் விலையை எண்ணுதல் நன்று.