இத்தாலிய உணவகத்தில் வீகன்கள் என்ன சாப்பிடலாம்?

குடும்பத்தில் பிறந்தநாள் விருந்துக்கு இத்தாலிய உணவகம் என்று முடிவானால், பால், முட்டைகூடத் தொடாத வீகன் ஒருவருக்குக் கடைசியில் மிஞ்சுவது ஒரு தட்டு சாலட்தான். அவ்வளவு சிரமப்படத் தேவையில்லை. பல இத்தாலிய உணவுகளுக்கு அடிப்படை மாவு, தக்காளி, பூண்டு, ஆலிவ் எண்ணெய். சீஸும் வெண்ணெயும் பெரும்பாலும் இறுதியில்தான் சேர்கின்றன.

'சைவம்' என்று மட்டும் சொன்னால் போதாது. தமிழர் வீடுகளில் சைவம் என்றால் தயிரும் நெய்யும் உண்டு. உணவுப் பட்டியலில் 'வெஜிடேரியன்' என்று குறித்திருப்பதும் அப்படித்தான். "பால், வெண்ணெய், சீஸ், முட்டை, மீன் வேண்டாம்" என்று பொருள்களைப் பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

ஸ்பகெட்டி, பென்னே போன்ற காய்ந்த பாஸ்தா வழக்கமாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. உணவகத்திலேயே பிசைந்து செய்யும் 'ஃபிரெஷ்' பாஸ்தாவில்தான் பெரும்பாலும் முட்டை இருக்கும். விலை கூடிய கடைகளில் இதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். பூண்டும் எண்ணெயும் சேர்ந்த அல்யோ ஒலியோ, காரமான தக்காளி சாஸ் கொண்ட அராபியாட்டா இரண்டும் கைகொடுக்கும்; மேலே சீஸ் தூவ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். மிளகாய் கூடுதலாகக் கேட்டால் நம்மவர் நாக்குக்கும் ஒத்துவரும்.

ஏமாற்றும் உணவுகளும் உண்டு. பச்சைப்பசேலென்ற பெஸ்டோவில் துளசி இனத்தைச் சேர்ந்த பேசில் இலையோடு சீஸும் அரைபடுகிறது. புட்டனெஸ்காவில் நெத்திலி வகை மீன் கரைந்திருக்கும். காய்கறி சூப்பான மினஸ்ட்ரோனேயை இறைச்சி வேகவைத்த நீரில் செய்வோரும் உண்டு. ரிசோட்டோ சோற்றை வெண்ணெயும் சீஸும் சேர்த்தே இறக்குவார்கள்.

பீட்சாவில் மரினாராதான் நல்ல தெரிவு. தக்காளி, பூண்டு, ஒரிகானோ, எண்ணெய் மட்டுமே சேரும் இந்த நேப்பிள்ஸ் பீட்சாவில் சீஸ் கிடையாது. ஆனால் சில உணவகங்களில் 'மரினாரா' என்றால் கடலுணவு. கேட்காமல் ஆர்டர் செய்தால் இறால் வந்து நிற்கும். மாவில் பால் கலப்பதுண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

பால் அருந்தும் சைவர்களும், புரட்டாசி விரதம் இருப்போரும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார்மிஜானோ ரெஜானோ சீஸுக்குப் பாலைத் திரிக்கப் பயன்படுவது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். எனவே அது சைவமும் அல்ல.

இனிப்பில் திராமிசுவும் பன்னா கோட்டாவும் ஆகாது. பழச்சாற்றில் செய்யும் சோர்பே கிடைத்தால் அதைக் கேட்கலாம். கூட்டம் அதிகமான சனிக்கிழமை இரவில் சமையலறைக்குப் பொறுமை இருக்காது. முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவைத்தால் சமையல்காரரே தனியாக ஏதாவது செய்து தரக்கூடும்.