பெர்லினில் பிறந்த நூற்றாண்டு

இருபதாம் நூற்றாண்டு எந்த நாளில் பிறந்தது? 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் என்று பலர் சட்டென விடை கூறுவர். விரல் விட்டு எண்ணிப் பார்த்தால் அது பிழை என்பது விளங்கும். கிறித்துவ ஆண்டுக் கணக்கை வகுத்தவர் ஆறாம் நூற்றாண்டில் உரோம் நகரில் வாழ்ந்த டயோனீசியஸ் என்னும் துறவி. நம் நாட்டில் உருவான சுழி என்னும் எண் அன்று ஐரோப்பாவை எட்டியிருக்கவில்லை. எனவே அக்கணக்கில் 0 என்றோர் ஆண்டே கிடையாது, கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. அவ்வாறாயின் முதல் நூறு ஆண்டுகள் கி.பி. 100இன் கடைசி நாளில்தான் நிறைவு பெறும். அதே முறையில் பத்தொன்பதாம் நூற்றாண்டு 1900 டிசம்பர் 31 அன்று முடிந்தது. (1999இன் இறுதியில் நாமும் இதே தவறைச் செய்து வாணவேடிக்கை விட்டோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.)

பிரிட்டனும் அமெரிக்காவும் 1901 ஜனவரி முதல் நாளையே நூற்றாண்டுப் பிறப்பாகக் கொண்டாடின. ஜெர்மனியோ 1900 ஜனவரி முதல் நாளே புதிய நூற்றாண்டு பிறப்பதாக அறிவித்துவிட்டது. பேரரசர் இரண்டாம் வில்ஹெல்மின் விருப்பம் அதுவே. அன்று பெர்லினில் இருந்த படைக்கலச் சாலையில் தம் படையினர்முன் அவர் உரையாற்றினார். தம் பாட்டனார் தரைப்படையை வளர்த்ததுபோலத் தாம் கடற்படையை வளர்க்கப்போவதாகக் கூறினார்.

அந்தச் சாலைக்கு அருகிலேயே இருந்தது 1810இல் நிறுவப்பட்ட பெர்லின் பல்கலைக்கழகம். ஆராய்ச்சியும் கற்பித்தலும் பிரிக்கவொண்ணாதவை என்ற ஹம்போல்ட்டின் கொள்கையால் உலகெங்கும் புகழ்பெற்றிருந்த இடம். அரசின் கணக்கையே ஏற்று, அதுவும் ஜனவரி மாதத்தில் தன் பேரவையில் விழா எடுத்தது. விழாப் பேருரை நிகழ்த்தியவர் கிரேக்க இலக்கியப் பேரறிஞர் விலாமோவிட்ஸ். மாணவர் பட்டியலில் அன்று பெண்களின் பெயர் இல்லை. அனுமதி பெற்று வகுப்பில் அமர்ந்து கேட்கலாம், அவ்வளவே. முறையாகச் சேர்ந்து பயிலும் உரிமை 1908இல்தான் கிடைத்தது.

அதே ஜனவரியில் மற்றொன்றும் நடந்தது. லியோ அரோன்ஸ் என்பவர் அங்கு இயற்பியல் கற்பித்து வந்த இளநிலை ஆசிரியர். இத்தகைய ஆசிரியர்களுக்கு அரசு ஊதியம் இல்லை. மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். பாதரச ஆவியில் மின்சாரத்தைச் செலுத்தி ஒளி உண்டாக்கும் குழாயை 1892இல் செய்து காட்டியவர் அவர். நம் வீட்டு டியூப்லைட்டுக்கு அதை ஒரு முன்னோடி எனலாம். அவர் செய்த குற்றம், சமூக ஜனநாயகக் கட்சியில் உறுப்பினராக இருந்தது. அவரை நீக்குமாறு அரசு வற்புறுத்தியது; பேராசிரியர் குழு மறுத்தது. அவருடைய அரசியலை ஏற்றதால் அல்ல. அறிவியல் கற்பிப்பவரின் தகுதியைக் கட்சியைக் கொண்டு அளப்பதா என்பதே வழக்கு. மறுப்பை முறியடிக்க 1898இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. ‘அரோன்ஸ் சட்டம்’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அதன்பின்னும் பேராசிரியர்கள் அசையவில்லை. இறுதியில் 1900 ஜனவரி 20 அன்று பிரஷ்ய அமைச்சரவையே அவருடைய கற்பிக்கும் உரிமையைப் பறித்தது. விழா அலங்காரங்களைவிட இந்தச் செய்தியே அப்பல்கலைக்கழகத்தின் அன்றைய நிலையை நமக்கு நன்கு காட்டுகிறது.

அந்தப் பேராசிரியர்களுள் ஒருவர் மாக்ஸ் பிளாங்க். அப்போது வயது 41. அவரை வாட்டிய சிக்கல் வேறு. உட்குழிவான பெட்டியைப் பழுக்கக் காய்ச்சி, அதன் சிறு துளை வழியே வெளிவரும் கதிர்களை ஆராய்ந்தால், எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கும்? விளக்குகளின் ஒளியை அளக்க நம்பகமான அளவுகோல் தேவைப்பட்டதால், நகரையொட்டிய சார்லட்டன்பர்க் ஆய்வுக்கூடத்தில் இதை நுணுக்கமாக அளந்துவந்தனர். 1896இல் வீன் தந்த சூத்திரம் குறுகிய அலைகளுக்குப் பொருந்தியது. நீண்ட அகச்சிவப்பு அலைகளை ரூபன்ஸும் குர்ல்பாமும் அளந்தபோது அது தவறியது.

1900 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. ரூபன்ஸ் தம் மனைவியுடன் பிளாங்க் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்தார். பேச்சினிடையே அளவீடுகளைச் சொன்னார். அவர்கள் விடைபெற்றபின் அன்று மாலையே பிளாங்க் புதிய சூத்திரத்தைக் கண்டார். அக்டோபர் 19 அன்று இயற்பியல் கழகக் கூட்டத்தில் அதை வெளியிட்டார். மறுநாள் காலை ரூபன்ஸ் வந்து, தம் அளவுகள் எல்லாம் அதற்குப் பொருந்துவதாகக் கூறினார்.

சூத்திரம் சரி, அது ஏன் சரி? சில வாரக் கடும் உழைப்புக்குப்பின், தாம் நெடுநாள் ஐயத்துடன் நோக்கிய போல்ட்ஸ்மனின் நிகழ்தகவு முறையையே அவர் நாட வேண்டியதாயிற்று. ஆற்றல் தண்ணீரைப்போல் ஒழுகாமல், அரிசி மணிகளைப்போல் எண்ணத்தக்க துகள்களாகப் பகிரப்படுகிறது என்று கொண்டால்தான் கணக்கு வந்தது. ஒவ்வொரு துகளின் அளவும் அதிர்வெண்ணை ஒரு மாறா எண்ணால் பெருக்கக் கிடைப்பது. அந்த எண்ணே இன்று பிளாங்க் மாறிலி எனப்படுகிறது. வேறு வழியின்றித் துணிந்து செய்தது அது என்று 1931இல் எழுதிய கடிதமொன்றில் அவரே குறிப்பிட்டார்.

அதை அவர் கழகத்தில் படித்த நாள் 1900 டிசம்பர் 14. வாணவேடிக்கையும் இல்லை, பேரரசரும் இல்லை. பேரரசரின் கணக்குப்படி குவாண்டம் கொள்கை இருபதாம் நூற்றாண்டுக் குழந்தை. டயோனீசியஸின் கணக்குப்படி, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிய அன்று இன்னும் பதினேழு நாட்கள் இருந்தன.