தனித் தட்டு

சாத்தான்குளம் என்றால் இப்போது நாட்டுக்கே தெரியும். 2020 ஜூனில் எங்கள் ஊர்க் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, அடுத்தடுத்து ஆஸ்பத்திரியில் செத்தார்கள். அந்த அடி உடம்பில் தெரிந்தது, ஊர் கொதித்தது. உடம்பில் தெரியாத அடியும் சிறைக்குள் விழுகிறது. அதற்குக் கடையடைப்பு கிடையாது.

எனக்குச் சித்தப்பா முறையாகும் ஒருவர் 2002-இல் அடிதடி வழக்கொன்றில் வெளியூர்ச் சிறையில் இருந்தார். ரத்தம் எடுத்தார்கள். “எதுக்குன்னு நான் கேக்கல. கேட்டா சொல்லவா போறாங்க?” சில நாள் கழித்து, வரிசையில் நின்றபோது எல்லார் காதிலும் விழும்படி எய்ட்ஸ் என்றார்கள். அன்று முதல் அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், கொட்டடியின் கடைசி மூலை.

“நம்மூரு டீக்கடையில சின்ன வயசுல தனி கிளாசு. அங்க போயும் தனித் தட்டு. செத்துப் போயிரலாம்னு ரெண்டு மட்டம் துணிஞ்சிட்டேன் மக்கா. நோயிக்குப் பயந்து இல்ல, அந்தத் தட்டப் பாத்து.”

இந்தத் தட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அது தமிழ்நாட்டிலேயே தொடங்குகிறது.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, பாலியல் தொழில் வழக்குகளில் பிடித்து வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்தார். இடம், அரசின் விஜிலென்ஸ் ஹோம். எந்த நோயைத் தேடி எடுக்கிறார்கள் என்று அந்தப் பெண்களுக்குச் சொல்லப்படவில்லை. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் பத்திரப்படுத்தி, வேலூருக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்கு எச்.ஐ.வி. இந்தியாவில் கண்டறியப்பட்ட முதல் தொற்று அதுதான். டாக்டர்களின் உழைப்பை நாம் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இந்த நாட்டில் எச்.ஐ.வி.யின் வரலாறு பூட்டிய கதவுக்குள்தான் பிறந்திருக்கிறது. டாக்டர்களுக்குப் பெயர் உண்டு. ரத்தம் கொடுத்தவர்கள் வரலாற்றில் ‘ஆறு மாதிரிகள்’.

பிறகு நடந்தது இன்னும் மோசம். நோய் இருக்கிறது என்பதற்காகவே பெண்கள் அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990-இல் பம்பாயிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்களை ‘முக்தி எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். முக்தி என்றால் விடுதலை! இறங்கிய இடத்தில் காத்திருந்தது ரத்தப் பரிசோதனையும் காவலும். பத்திரிகையாளர் ஷ்யாமளா நடராஜ் வழக்குத் தொடுத்து, சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே கதவு திறந்தது.

கோவாவிலும் இதே கதை. ரத்த தானம் செய்யப் போன டொமினிக் டிசோசாவை 1989-இல் பிடித்து, பழைய காசநோய் விடுதி ஒன்றில் 64 நாள் அடைத்தார்கள். அமெரிக்காவின் அலபாமாவில் எச்.ஐ.வி. உள்ள கைதிகளைத் தனிச்சிறையில் வைத்து, ஆண்கள் கையில் வெள்ளைப் பட்டை கட்டினார்கள். அது தவறு என்று நீதிமன்றம் சொல்ல 2012 ஆயிற்று. வெள்ளைப் பட்டை, தனித் தட்டு, தனி கிளாஸ். மூன்றும் ஒரே பட்டறையில் அடித்தவை.

பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் என்று சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்தார்கள். சண்டை வராமலிருக்கத்தான் இது என்றது அரசு. 2014-இல் உயர்நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்சநீதிமன்றம் அந்த நியாயத்தைத் தள்ளியது; சிறையில் சாதிப் பிரிவினை சட்டவிரோதம் என்றது. சாதிக்குப் பிரித்துப் பழகிய கை நோய்க்கும் பிரிக்கும். நம்மாளுக்கு நோயும் வந்தால் அவன் சிறைக்குள் மூன்றாவது சிறையில் கிடக்கிறான்.

சாவு நினைப்பு அங்கேதான் வளர்கிறது. சிறைச் சீர்திருத்தம் பற்றி உச்சநீதிமன்றம் அமைத்த குழு, 2017 முதல் 2021 வரை இந்தியச் சிறைகளில் நடந்த 817 இயற்கைக்கு மாறான சாவுகளில் 660 தற்கொலை என்றது. இதை ‘மனபலம் இல்லாதவன்’ என்று எழுதி மூடிவிட முடியாது. நோய் தெரிந்த முதல் நாட்கள் ஆபத்தானவை. சிறைக்குள் வந்த முதல் நாட்களும் அப்படித்தான். இரண்டும் சேர்ந்து வரும்போது ஒருவனைத் தனிமூலைக்குத் தள்ளுவதைப் பாதுகாப்பு என்று சொன்னால் நம்புவதற்கு நாம் தயாரில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-இல் இயற்றிய எச்.ஐ.வி. சட்டம், சம்மதம் வாங்காமல் சோதிக்கக் கூடாது, ரகசியம் காக்க வேண்டும், அரசின் காவலில் இருப்பவருக்குச் சிகிச்சை உரிமை உண்டு என்கிறது. அதே ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருப்பவராகக் கருதி அரசு கவனிக்க வேண்டும் என்கிறது. நம் வக்கீல்களும் மாணவர்களும் சிறை மனுப் பார்க்கப் போகும்போது மூன்று கேள்வி கேட்கட்டும்: மாத்திரை ஒருநாளும் தவறாமல் கிடைக்கிறதா? தனியாகப் பேச மனநல ஆலோசகர் வருகிறாரா? சாப்பாடு எல்லாரோடும்தானா?

சித்தப்பா உயிரோடு இருக்கிறார். மாசாமாசம் ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போய் மாத்திரை வாங்கி வருகிறார். சாகாமல் எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டேன்.

“பெருசா ஒண்ணுமில்ல. பக்கத்துல படுத்திருந்தவன் ஒருநா ராத்திரி, நான் இழுத்துக்கிட்டிருந்த பீடிய வாங்கி ரெண்டு இழுப்பு இழுத்துட்டுத் திருப்பிக் குடுத்தான். ஒண்ணும் பேசல. அன்னிக்கித்தான் தூங்குனேன்.”

அரசு செய்திருக்க வேண்டியதை ஒரு கைதி செய்தான்.